மூன்றரை வயதுக்கு எதற்கு நேர்காணல்?

எல்கேஜி சேர்க்கைக்காகக் குழந்தைகளைப் பழக்குகிறோம். அந்தப் பழக்கம் எதை அளக்கிறது, எதைக் கெடுக்கிறது, அதற்கு மாற்று என்ன?

தமிழ்நாட்டு நகரங்களில் குழந்தைக்கு இரண்டரை வயது நிரம்பும்போதே பல வீடுகளுக்குள் ஒரு பாடத்திட்டம் நுழைந்துவிடுகிறது. ஏ முதல் இசட் வரை, ஒன்று முதல் இருபது வரை, நிறங்களும் வடிவங்களும் பழங்களும் ஆங்கிலத்தில், கையசைவோடு நான்கைந்து ரைம்ஸ், பெயரைக் கேட்டால் தயங்காமல் முழு வாக்கியத்தில் பதில். பெற்றோருக்கும் தனி ஒத்திகை நடக்கிறது. ஏன் எங்கள் பள்ளி, குழந்தையோடு எவ்வளவு நேரம் செலவிடுகிறீர்கள், என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே வேலை என்ற கேள்விகளுக்கு இருவரும் முரண்படாமல் பதில் சொல்ல வேண்டும். இத்தனையும் முதல்வர் அறையில் கழியப்போகும் சில நிமிடங்களுக்காக. அந்த நிமிடங்களில் ஒரு குழந்தையைப் பற்றி உண்மையில் என்ன தெரிந்துவிடும் என்று நாம் நிதானமாகக் கேட்டுப் பார்ப்பதில்லை. சீட் கிடைத்ததா இல்லையா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

கேட்டுப் பார்த்தால் கிடைக்கும் பதில் சங்கடமானது. மூன்றரை வயதில் சில நிமிடங்களில் நடத்தப்படும் எந்தத் தேர்வும் குழந்தையின் திறமையை நம்பும்படி அளப்பதில்லை. அது பிறந்த மாதத்தை அளக்கிறது, வீட்டில் புழங்கும் மொழியை அளக்கிறது, பெற்றோரின் படிப்பையும் வசதியையும் அளக்கிறது. அளக்கப்படுவது வீடு என்றால், தேர்வுக்காகக் குழந்தையைப் பழக்கும் மாதங்கள் குழந்தைக்கு எதையும் சேர்ப்பதில்லை. பள்ளிக்கு உண்மையாகவே தேவைப்படும் ஆயத்தத்துக்கான காலத்தையும் அவை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாக வரும் பள்ளிகளில் வெளிப்படையான குலுக்கல் மட்டுமே நியாயமான வழி. பெற்றோர் செய்ய வேண்டிய ஆயத்தமோ வேறு வகையானது. இதற்கான ஆதாரங்களையும், இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சட்டமும் அது விட்ட இடைவெளியும்

சட்டத்திலிருந்து தொடங்குவோம். 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த, குழந்தைகளுக்கான இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் 13ஆவது பிரிவில் இரண்டு தடைகளை விதிக்கிறது. சேர்க்கைக்கு நன்கொடை வாங்கக் கூடாது. குழந்தையையோ பெற்றோரையோ எந்தத் தெரிவு முறைக்கும் உட்படுத்தக் கூடாது. தெரிவு முறைக்கு உட்படுத்தினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த தடவைகளுக்கு 50,000 ரூபாய் வரையும் அபராதம். ஒரு குழந்தையைவிட இன்னொரு குழந்தைக்கு முன்னுரிமை தரும் எந்த முறையும் தெரிவு முறைதான் என்று சட்டம் வரையறுத்து, ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது: குலுக்கல் போன்ற, யாருடைய விருப்பமும் கலக்காத முறை. 2010 நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை மேலும் தெளிவாக்கியது. பள்ளிகள் நியாயமான அடிப்படையில் பிரிவுகள் வகுத்துக்கொள்ளலாம். ஆனால் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வும் நேர்காணலும் கூடாது, பெற்றோரின் படிப்பை வைத்துக் குழந்தையைத் தரம் பிரிக்கக் கூடாது, பிரிவுக்குள் குலுக்கல்தான் நடத்த வேண்டும் என்றது அது.

அப்படியானால் நேர்காணல்கள் எப்படித் தொடர்கின்றன? சட்டத்தின் கண்ணில் குழந்தை என்பது 6 முதல் 14 வயது வரை உள்ளவர். 2002இல் வந்த 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியபோது இந்த வயது எல்லையைத்தான் வகுத்தது. 6 வயதுக்கு உட்பட்டவர்களின் பராமரிப்பும் கல்வியும் 45ஆவது உறுப்பில், அரசு முயல வேண்டிய கடமையாக மட்டும் நின்றுவிட்டது. நம் ஊரில் தனியார் பள்ளியின் வாசல் முதல் வகுப்பில் திறப்பதில்லை. எல்கேஜியில், சில இடங்களில் ப்ரீகேஜியிலேயே திறந்து மூடிவிடுகிறது. 2013 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தச் சிக்கலை நேராகச் சந்தித்தது. 25 சதவீத ஒதுக்கீட்டு இடங்களைத் தவிர மற்ற நர்சரி சேர்க்கைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. ஆக, தெரிவு எந்த வயதில் உண்மையாக நடக்கிறதோ அந்த வயதைத் தடை எட்டவில்லை. ஆறு வயதுக் குழந்தைக்குக் கிடைத்த பாதுகாப்பு, அதைவிடச் சிறிய, அதைவிட எளிதில் மிரளக்கூடிய மூன்றரை வயதுக் குழந்தைக்குக் கிடைக்காமல் போனதற்குக் குழந்தை நலம் சார்ந்த காரணம் எதுவும் இல்லை.

சில நிமிடங்களில் தெரியாதவை

இந்தச் சோதனை எதையாவது சரியாகக் கணிக்கிறது என்றால்கூட அதற்காக வாதாடலாம். கேரன் லா பரோ, ராபர்ட் பியான்டா என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பள்ளிக்கு முந்தைய வயதில் எடுத்த மதிப்பீடுகள் பிற்காலத்தை எவ்வளவு சரியாகச் சொல்கின்றன என்று அறிய 70 நீள்கால ஆய்வுகளைத் தொகுத்து 2000இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொடக்க வகுப்புகளில் குழந்தைகளுக்கு இடையே தெரியும் படிப்பு வேறுபாட்டில் ஏறக்குறைய கால் பங்கை மட்டுமே முந்தைய மதிப்பீடுகளால் விளக்க முடிந்தது. பழகும் விதம், நடத்தை ஆகியவற்றில் 10 சதவீதத்தைக்கூட அவை தாண்டவில்லை. இவை பயிற்சி பெற்றவர்கள் முறையான கருவிகளை வைத்து எடுத்த மதிப்பீடுகள். அவற்றுக்கே இவ்வளவுதான் வலு என்றால், புதிய அறையில், புதிய முகங்களுக்கு முன்னால், பசியிலோ தூக்கத்திலோ இருக்கும் குழந்தையிடம் இரண்டு படங்களைக் காட்டிக் கேட்கும் கேள்விக்கு என்ன வலு இருக்க முடியும்? நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, சிறு வயதுத் தன்னடக்கத்துக்கும் 32 வயதில் அவர்களுடைய உடல்நலம், பொருளாதார நிலை ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது உண்மை. ஆனால் அந்தத் தன்னடக்கத்தை அளக்க 3 வயது முதல் 11 வயது வரை ஆய்வாளர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கவனிக்க வேண்டியிருந்தது. ஒரே சந்திப்பில் அப்படி எதையும் எடுத்துவிட முடியாது.

பிறந்த மாதத்தின் பங்கு இதைவிடத் தெளிவானது. எல்கேஜிக்கு வயது வரம்பு வைக்கும்போது ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு குழந்தைகளுக்கு இடையே ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி இருக்கலாம். நாற்பது வயதில் ஓராண்டு பொருட்டில்லை. மூன்று வயதில் அது வாழ்ந்த காலத்தில் மூன்றில் ஒரு பங்கு. 37ஆவது மாதத்தில் இருக்கும் குழந்தையையும் 47ஆவது மாதத்தில் இருக்கும் குழந்தையையும் பக்கத்தில் உட்கார வைத்து யார் கெட்டி என்று கேட்டால், முன்னே பிறந்த குழந்தையைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்போம். இந்த வேறுபாடு விரைவில் கரைந்துவிடுவதும் இல்லை. கெல்லி பெடார்ட், எலிசபெத் டூயி ஆகியோர் பல நாடுகளின் கணித, அறிவியல் தேர்வு முடிவுகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரையில், வகுப்பிலேயே இளையவர்கள் நான்காம் வகுப்பில் மூத்தவர்களைவிட 4 முதல் 12 சதமானப் புள்ளிகளும், எட்டாம் வகுப்பில் 2 முதல் 9 புள்ளிகளும் பின்தங்கியிருப்பதைக் காட்டினார்கள். திறமை என்று நாம் பெயர் சூட்டுவதில் ஒரு பங்கு வெறும் நாள்காட்டி.

அடுத்து, ஒப்பித்தலுக்கும் அறிதலுக்கும் உள்ள தூரம். இருபது வரை தடையின்றிச் சொல்லும் குழந்தையிடம், 'இந்தத் தட்டிலிருந்து எனக்கு மூன்று கோலிக்குண்டு எடுத்துக் கொடு' என்று கேட்டால், அது ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுப்பதை அடிக்கடி காணலாம். உளவியலாளர் கேரன் வின் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. எண்களை வரிசையாகச் சொல்லத் தெரிவது ஒன்று. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்த எண்ணிக்கை என்று புரிவது வேறொன்று. இரண்டாவது புரிதல் பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்றரை வயதை ஒட்டித்தான் வருகிறது. அதுவும் பொருள்களோடு புழங்கிப் புழங்கித்தான் வருகிறது. நேர்காணலில் கேட்பது முதல் வகை. கணிதத்துக்கு வேண்டியது இரண்டாம் வகை. தேர்வை நோக்கிப் பழக்கும் வீடு முதலாவதை ஊட்டிவிட்டு, குழந்தைக்குக் கணக்கு வந்துவிட்டது என்று நம்பிக்கொள்கிறது.

பயிற்சி நுழைந்தால் தேர்வு சாகும்

மற்ற நாடுகளின் அனுபவமும் இதையே சொல்கிறது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் தனியார் பள்ளிகள் பல ஆண்டுகளாக நான்கு வயதுக் குழந்தைகளிடம் ஒரு பொதுத் தேர்வு முடிவைக் கேட்டுவந்தன. தேர்வு வந்ததும் அதற்கான பயிற்சி நிலையங்களும் வந்தன. மதிப்பெண்கள் ஏறிக்கொண்டே போயின. அவை குழந்தையைப் பற்றி எதையும் சொல்லாத நிலை வந்தபோது, 2013இல் அந்தப் பள்ளிகளின் சங்கமே அந்தத் தேர்வைப் பரிந்துரைப்பதைக் கைவிட்டது. அதே நகரின் அரசுப் பள்ளிகளில் சிறப்புத் திறன் வகுப்புகளுக்காக நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நடத்திய தேர்வும் 2021இல் முடிவுக்கு வந்தது. ஜப்பானின் அனுபவம் இன்னும் ஆழமான பாடம் தருகிறது. அங்கே தொடக்கப் பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய 100இல் ஒருவர்தான் தனியார் பள்ளியில் படிக்கிறார். ஆனாலும் டோக்கியோவின் பெயர்பெற்ற பள்ளிகளுக்காக ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளைப் பழக்குவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. 1874இல் தொடங்கிய கெய்யோ யோச்சிஷா போன்ற பள்ளிகள் எழுத்துத் தேர்வு வைக்காமல் ஓவியம், உடற்பயிற்சி, மற்ற குழந்தைகளோடு விளையாடும் விதம் என்று பலவற்றையும் கவனிக்கின்றன. பயிற்சி நிலையங்கள் அதற்கும் வழி கண்டுவிட்டன. எப்படி விளையாட வேண்டும், பொம்மையை எப்படிப் பகிர வேண்டும், எப்போது நன்றி சொல்ல வேண்டும் என்பதெல்லாம் இன்று அங்கே பாடம். தேர்வை எவ்வளவு நயமாக மாற்றினாலும், பணம் உள்ள வீடு அதன் பின்னாலேயே வந்து சேர்ந்துவிடுகிறது.

நம் நிலைமை அவற்றைவிட ஒரு படி கடினம். இங்கே நேர்காணலின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். குழந்தையின் மொழி பெரும்பாலும் தமிழ். அம்மாவிடம் ஓயாமல் கேள்வி கேட்கும் குழந்தை, அத்தை வீட்டில் நடந்ததைக் கோவையாகச் சொல்லும் குழந்தை, ஆங்கிலத்தில் கேட்ட ஒரு கேள்விக்கு முன் வாயடைத்து நிற்கிறது. அந்த மௌனத்தைத் திறமைக் குறைவு என்று எழுதிக்கொள்வது அநியாயம். அதைப் பார்த்துப் பயந்த பெற்றோர் வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறினால் இழப்பு இரட்டிப்பாகிறது. தங்களுக்கே சரளமில்லாத மொழியில் பேசும் பெற்றோரின் பேச்சு வா, போ, உட்கார், சாப்பிடு என்ற கட்டளைகளாகச் சுருங்கிவிடும். முதல் மொழியில் பெற்ற கருத்துகளும் கதை சொல்லும் ஆற்றலும் இரண்டாம் மொழிக்குக் கைகொடுக்கின்றன என்பது ஜிம் கம்மின்ஸ் உள்ளிட்ட மொழிக் கல்வி அறிஞர்கள் 1970களிலிருந்து வலியுறுத்திவரும் கருத்து. தாய்மொழியில் விளையும் பேச்சு வளத்தைக் குறைத்து ஆங்கிலச் சொல் பட்டியலை வாங்குவது, ஆங்கிலத்தின் நலன் கருதியும் சரியான வணிகமல்ல.

சீக்கிரம் தொடங்கினால் நல்லதுதானே?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சிறு வயதுக் கல்வி வாழ்நாள் முழுக்கப் பயன் தரும் என்று ஆய்வுகள் சொல்கின்றனவே, முன்கூட்டியே கற்றுக்கொடுத்தால் என்ன தவறு? ஆய்வுகள் அப்படிச் சொல்வது உண்மைதான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய பெர்ரி முன்பருவக் கல்வித் திட்டத்தில் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு முன்பருவக் கல்வி கிடைத்தது. 40 வயதில் அவர்களுடைய வருமானம் மற்றக் குழுவைவிடக் கூடுதலாக இருந்தது, குற்ற வழக்குகள் குறைவாக இருந்தன. ஆனால் அங்கே நடந்தது எழுத்து மனப்பாடம் அல்ல. என்ன செய்யப்போகிறோம் என்று குழந்தைகளே திட்டமிட்டார்கள், செய்தார்கள், செய்ததைப் பற்றிப் பேசினார்கள். ஆசிரியர்கள் வாரந்தோறும் வீட்டுக்குப் போய்த் தாயோடு பேசினார்கள். எதிர்த்திசையில் டென்னசி மாநிலம் ஒரு பாடம் தருகிறது. அங்கே அரசு நடத்திய முன்பருவ வகுப்புகளுக்குக் குலுக்கலில் இடம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் என ஏறக்குறைய 3,000 குழந்தைகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 2022இல் வந்த முடிவின்படி, ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். ஆய்வில் பங்கேற்ற டேல் ஃபாரன், நீண்ட நேரம் உட்கார வைத்துப் பாடம் நடத்துவதும் விளையாட்டு குறைவதும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார். சீக்கிரம் தொடங்குவதா என்பதைவிட எதைத் தொடங்குவது என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது. என்சிஇஆர்டி 2019இல் வெளியிட்ட முன்பருவக் கலைத்திட்டமும், இந்த வயதில் வாய்மொழியாகவோ எழுத்தாகவோ எந்தத் தேர்வும் வைக்கக் கூடாது என்று திட்டவட்டமாகச் சொல்கிறது.

பெற்றோரின் அடுத்த நியாயம் இன்னும் வலுவானது. நல்ல பள்ளி கிடைத்தால் பிள்ளையின் வாழ்க்கையே மாறிவிடும். அதற்காகச் சில மாதம் பழக்குவது பெரிதா? பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரப் பிரதேசக் கிராமங்களில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையைச் சோதித்தது. தனியார் பள்ளிக் கட்டணம் செலுத்தக் குலுக்கலில் உதவி பெற்ற மாணவர்களையும், குலுக்கலில் பெயர் வராத மாணவர்களையும் நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஒப்பிட்டார்கள். தெலுங்கிலும் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அரசுப் பள்ளிகள் கற்பிக்காத இந்தியில் மட்டும் தனியார் மாணவர்கள் முன்னே இருந்தார்கள். தனியார் பள்ளி மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெறுவதுபோல் தோன்றியதற்குப் பெரும் காரணம் அவர்களுடைய வீட்டுப் பின்னணி என்பது அந்த ஆய்வின் முடிவு. அவை குறைந்த கட்டணக் கிராமப் பள்ளிகள். சென்னையிலோ கோவையிலோ உள்ள பெரிய பள்ளிகளுக்கு இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ஒன்றை அது உறுதியாகக் காட்டுகிறது: பள்ளியின் பெயருக்கும் பள்ளி தரும் கல்விக்கும் இடையே நாம் போடும் சமக்குறி, ஆராய்ந்து போட்டது அல்ல. வீட்டுப் பின்னணியைப் பார்த்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் பள்ளி, பின்னாளில் வரும் மதிப்பெண்ணைத் தன் கற்பித்தலின் வெற்றி என்று சொல்லிக்கொள்ள முடிகிறது.

போட்டி எங்கிருந்து வந்தது?

இருந்தும், பெற்றோரைக் குறை சொல்வது எளிது, நியாயமும் அல்ல. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி நெடுங்காலம் முதல் வகுப்பில்தான் தொடங்கியது. மூன்று வயதில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப விரும்பிய குடும்பத்துக்கு எதிரே அங்கன்வாடியும் தனியார் பள்ளியும் மட்டுமே இருந்தன. தனியார் பள்ளி எல்கேஜியில் எடுத்த பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை வைத்துக்கொள்கிறது. நடுவில் இடம் கிடைப்பது அரிது. எனவே பதினான்கு ஆண்டுக்கான முடிவு ஒரே நாளில் வந்து நிற்கிறது. பதற்றத்தைப் பெற்றோர் உண்டாக்கவில்லை; இந்த அமைப்புதான் அவர்கள் கையில் கொடுத்தது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் தொடங்கியபோது, இந்த இடைவெளியை அரசு முதல் தடவையாக ஒப்புக்கொண்டது. ஆனால் மாநிலத்தின் அங்கன்வாடி மையங்களோ 54,000க்கும் மேல். அங்கே என்ன சாத்தியம் என்பதற்கும் சான்று இருக்கிறது. தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 640 மையங்களில் நடந்த ஆய்வு ஒன்றில், பாதி மையங்களுக்குக் குலுக்கல் முறையில் பகுதிநேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதங்களில் குழந்தைகளின் மொழித்திறனும் கணக்குத்திறனும் தெளிவாக உயர்ந்தன. வளர்ச்சிக் குறைவும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. வீட்டுக்குப் பக்கத்திலேயே நம்பத்தகுந்த முன்பருவக் கல்வி கிடைத்தால் தனியார் பள்ளி வாசலில் நெரிசலும் தளரும்.

குலுக்கல் நியாயமா?

பள்ளி நிர்வாகங்களின் கேள்விக்கு வருவோம். நூறு இடத்துக்குப் பல நூறு விண்ணப்பம் வந்தால் ஏதாவது ஓர் அளவுகோல் வேண்டாமா, குலுக்கல் வெறும் அதிர்ஷ்டம்தானே என்பார்கள். இதற்கான பதில் அவர்களுடைய வளாகத்திலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும். பள்ளியில் எல்கேஜி இருந்தால் இது எல்கேஜியிலிருந்தே பொருந்தும். தமிழ்நாட்டில் விண்ணப்பங்கள் இடங்களை மிஞ்சினால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் நடக்கிறது. ஒன்றிய, மாநில அரசுகளுக்கு இடையிலான நிதிப் பிணக்கால் 2025-26 கல்வியாண்டில் இந்தச் சேர்க்கை பல மாதங்கள் தாமதமானது வேறு கதை. முறை பழகிய முறை. ஒரே வகுப்பறையின் கால் பகுதி இடங்களைக் குலுக்கலில் நிரப்ப முடியும் என்றால், மீதி முக்கால் பகுதியை நிரப்ப முடியாமல் போவதற்கு நடைமுறைக் காரணம் கிடையாது. உடன்பிறந்தவர் அங்கே படிக்கிறாரா, வீடு எவ்வளவு தூரம் என்ற இரண்டையும் முன்கூட்டியே அறிவித்து, மற்றதைக் குலுக்கலுக்கு விடலாம். மூன்றரை வயதில் பரிசளிக்கத்தக்க உழைப்பு என்று எதுவும் இல்லை. நேர்காணலிலும் அதிர்ஷ்டம்தான் வெல்கிறது. எந்த மாதத்தில், எந்த வீட்டில் பிறந்தோம் என்ற அதிர்ஷ்டம். குலுக்கலில் எல்லாக் குழந்தைக்கும் சம வாய்ப்பு. இடம் கிடைக்காத குழந்தையின் மேல் தோற்றவர் என்ற முத்திரையும் விழுவதில்லை.

பேச்சுத் தாமதமோ ஆட்டிசமோ உள்ள குழந்தைகளை அடையாளம் காண நேர்காணல் உதவும் என்றும் சொல்லப்படுகிறது. உதவுவதற்காக என்றால் அதைச் சேர்க்கைக்குப் பிறகு செய்யலாம். ஐயம் எழுந்தால் பெற்றோரிடம் பரிவோடு பேசி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள ஆரம்ப இடையீட்டு மையங்களுக்கு அனுப்பலாம். குழந்தையின் வளர்ச்சி பற்றி ஐயமுள்ள பெற்றோரும் பள்ளிச் சேர்க்கை வரை காத்திருக்காமல் அங்கே போகலாம். சேர்க்கைக்கு முன் செய்யும் கண்டறிதல் பெரும்பாலும் மறுப்பில் முடிகிறது. அந்த மறுப்புக்குப் பயந்து பெற்றோர் குழந்தையின் தேவையை மறைக்கிறார்கள். உதவி கிடைக்க வேண்டிய ஆண்டுகள் அப்படியே கைநழுவுகின்றன.

எதற்குத் தயார் செய்வது?

சட்டம் மாறும்வரை நேர்காணலுக்குப் போக வேண்டியிருக்கும் பெற்றோர் என்ன செய்வது? தயார் செய்யலாம், ஆனால் ஜூன் மாதத்தில் தொடங்கும் பள்ளி வாழ்க்கைக்குத் தயார் செய்ய வேண்டும். ஒன்றுக்கு வருகிறது, தண்ணீர் வேண்டும், வயிறு வலிக்கிறது என்று புதியவர்களிடம் சொல்லத் தெரிவது எல்கேஜியின் முதல் வாரத்தில் ஏ, பி, சி, டியைவிட முக்கியம். தானே சாப்பிடுவது, செருப்பை மாட்டிக்கொள்வது, அம்மாவை விட்டுச் சில மணி நேரம் பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ இருந்து பழகுவது, விளையாட்டில் தன் முறை வரும்வரை பொறுப்பது ஆகியவை நாளாக நாளாகத்தான் வரும். பென்சில் பிடிக்கும் வலு பென்சிலால் வருவதில்லை. சப்பாத்தி மாவு பிசைவது, பட்டாணி உரிப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, மண்ணிலும் கோலப்பொடியிலும் அளைவது ஆகியவற்றால் வருகிறது. எண் வேண்டுமானால், வீட்டில் உள்ளவர்களுக்கு ஆளுக்கொரு தட்டு எடுத்து வைக்கச் சொல்லலாம். மொழி வேண்டுமானால், நாளும் ஒரு கதை சொல்லி, 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று குழந்தையைத் தொடரச் செய்யலாம். ஆங்கிலப் படப் புத்தகமும் பாட்டும் மகிழ்ச்சியாக வரட்டும். பரீட்சையாக வர வேண்டாம்.

நேர்காணல் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு புதிய இடத்தைப் பார்க்கப் போகிறோம் என்ற அளவுக்கு மட்டும் குழந்தைக்குச் சொல்வது போதும். தூக்கமும் சாப்பாடும் ஒழுங்காக இருக்கட்டும். குழந்தை பேசாவிட்டால் அந்த இடத்திலேயே தூண்டித் தூண்டிப் பேச வைக்க வேண்டாம். வீடு திரும்பிய பின், 'எல்லாம் தெரிஞ்சும் ஏன் சொல்லல?' என்ற கேள்வி எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம். தன்னால் அப்பா அம்மா முகம் வாடியது என்பதைக் குழந்தை புரிந்துகொள்ளும். எதனால் என்பதுதான் அதற்குப் புரியாது. அதே நாளில் பெற்றோரும் பள்ளியைக் கேள்வி கேட்கலாம். ஓர் ஆசிரியருக்கு எத்தனை குழந்தைகள், கழிப்பறைக்கு அழைத்துப் போக ஆள் உண்டா, ஒரு நாளில் எவ்வளவு நேரம் விளையாட்டு, தமிழில் பேசினால் கண்டிப்பீர்களா என்று விசாரிக்கலாம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதற்கும் கீழே இருக்கும் எல்கேஜியில் வீட்டுப்பாடம் தருகிறார்களா என்று கேட்பதற்குப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

தனிப்பட்ட பெற்றோர் இந்தப் போட்டியிலிருந்து ஒதுங்கினால் தன் பிள்ளை மட்டும் இழக்குமோ என்று அஞ்சுவார். அந்த அச்சம் நியாயமானது என்பதால்தான் தீர்வு பொதுவாக வர வேண்டும். நாடாளுமன்றம் 13ஆவது பிரிவின் தடையை 3 வயது முதலான எல்லாச் சேர்க்கைக்கும் விரிக்க வேண்டும். தமிழ்நாடு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. கல்வி பொதுப்பட்டியலில் உள்ள துறை. தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 2009இலேயே தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. சேர்க்கைக்கும் அப்படி ஒரு சட்டம் செய்து, ஒவ்வொரு பள்ளியும் எத்தனை இடம், எத்தனை விண்ணப்பம், எந்த அடிப்படையில் சேர்க்கை என்பதை வெளியிடவும், குலுக்கலைப் பெற்றோர் முன்னிலையில் நடத்தவும் கட்டாயமாக்கலாம். கூடவே அங்கன்வாடிகளுக்குக் கூடுதல் பணியாளர்களைத் தந்து, அரசுப் பள்ளி வளாகங்களில் முன்பருவ வகுப்புகளைப் பரப்பினால், தனியார் நேர்காணல் அறைக்கு வெளியேயும் ஒரு நல்ல வாசல் இருக்கும். தன் பொறுப்பில் வரும் எந்தக் குழந்தைக்கும் கற்பிக்கத் தெரிந்த பள்ளியே நல்ல பள்ளி. கற்பிக்கத் தொடங்கும் முன்பே குழந்தைகளைக் கழித்துக்கட்டும் உரிமையை எந்தப் பள்ளிக்கும் நாம் தந்திருக்கக் கூடாது. அதை இப்போது திரும்பப் பெற வேண்டும்.